எட்டுச்செலவண்டு தெரிந்த நட்சத்திரம்

— இஞ்சை இருக்கிறது ஆர்? இராசநாயகம் நான், செத்துப்போன என்ரை தம்பியின்ரை மகள் பத்மாசினி, கலியாணம் பேச வந்த தம்பிஐயா நீர். மூண்டே மூண்டு பேர். இனி மென்று விழுங்காமல் சொல்லும். மாப்பிள்ளை வீட்டார் ஏன் பின்வாங்கினவை?

— கோவிக்காதையுங்கோ அண்ணை, கேட்டதைச் சொல்லுறன். உங்கடை தம்பி செத்த எட்டாம் நாள், எட்டுச்செலவண்டு, படையலைச் சந்தியிலை வைக்க எல்லாரும் வெளிக்கிட்ட நேரம், பிள்ளை மொட்டைமாடியிலை ஒரு பெடியனோடை நிண்டதாம்.

— ஆர் கண்டது?

— பக்கத்து வீட்டுத் தங்கமுத்து. இடுப்பிலை சாரம் கட்டின உருவமாம்.

— அவளுக்குப் பகலிலை பேப்பர் வாசிக்கக் கண்ணாடி வேணும். உது மட்டும் இருட்டுக்குள்ளை தெரிஞ்சுதாமோ?

— ரண்டு பேரும் ஒரு குழாய்க்குள்ளாலை மாறி மாறிப் பாத்தவையாம்.

— குழாய் இல்லை தம்பிஐயா மாமா, தொலைநோக்கி. அப்பா கனடாவிலையிருந்து எடுப்பிச்சது.

— அப்ப நிண்டது உண்மையோ பிள்ளை?

— ஓம். தனியத்தான் நிண்டனான்.

— அப்பன்ரை படையல் போகேக்கையோ!

— முகில் இல்லாத ஒவ்வொரு இரவும் அப்பா ஒரே நட்சத்திரக் கூட்டத்தைத்தான் பாக்கிறவர். எண்டைக்காவது அதிலை ஒண்டு வெடிக்கும், சுப்பர்நோவா தெரியும் எண்டு வருஷக்கணக்காக் காத்திருந்தவர். அவருக்குப் பிடிச்ச சோறு கறி எல்லாம் படைச்சம். இது ஒண்டைத்தான் படைக்கேல்லை.

— சரி, பாத்து?

— தெரிஞ்சுது மாமா. பஞ்சுத் துண்டு மாதிரி ஒரு மங்கல், அதின்ரை ஓரத்திலை புதுசா ஒரு புள்ளி. அப்பா எடுத்து வைச்ச படத்திலை அது இல்லை.

— அட, ஜப்பான்காரன் கண்டுபிடிச்சதெண்டு பேப்பரிலை வந்ததே?

— அதுதான். அவர் கண்டது ரண்டு நாள் கழிச்சு.

— முந்திக் கண்டும் ஏன் பிள்ளை வாய் திறக்கேல்லை?

— நான்தான் வானியல் ஆராய்ச்சிக்காரருக்கு எழுதி அனுப்ப வேண்டாமெண்டு தடுத்தனான், தம்பிஐயா. பாத்த நேரத்தையும் எழுத வேணுமாம். அது என்ன நேரமெண்டு இந்தப் பண்டத்தரிப்பு ஊர் முழுக்கத் தெரியும். குடும்ப மானம் எண்டு ஒண்டு இருக்கல்லோ.

— நியாயம் அண்ணை. நீங்கள் முறை பிசகாத ஆள். அண்டைக்குத் தலைசுத்து வந்திராட்டி நீங்கள்தானே படையலுக்கு முன்னாலை நடந்திருப்பியள்.

— ம்.

— இப்பவும் அனுப்பலாமோ, பிள்ளை?

— அனுப்பலாம். கண்டுபிடிச்ச பேர் ஜப்பான்காரருக்குத்தான். ஆனால் அது எப்ப பிரகாசிக்கத் தொடங்கினது எண்டு அறிய, அவருக்கு முந்திப் பாத்த ஆக்கள் ஆராய்ச்சிக்காரருக்கு வேணும். மெயில் போட்டுக் கேட்டனான். படம் எடுக்காததாலை, கூட ஆர் பாத்தது, அவரின்ரை பேரையும் எழுதச் சொல்லினம்.

— ஒருத்தருமில்லையே?

— இல்லை மாமா.

— பெரியப்பாவின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு சொல்லாதை. என்னைப் பாத்துச் சொல்லு.

— ஒருத்தருமில்லை.

— கோவிக்காதை பிள்ளை. அந்தப் பெடியன்ரை பேரைச் சொன்னால் நான் எப்பிடியாவது சமாளிப்பன். சொல்லாட்டி இனி உனக்கு ஒரு இடமும் சரிவராது. கதைக்குக் காலும் கையும் வைச்சுப்போடுவினம்.

— வைக்கட்டும்.

— அப்பன்ரை நட்சத்திரமும் போகட்டுமோ?

— போகட்டும்.

— பிள்ளை, போதும்.

— நீங்கள் உள்ளுக்குப் போங்கோ பெரியப்பா. பிறகு தலை சுத்தும்.

— சுத்தாது. அண்டைக்கும் சுத்தேல்லை. தம்பிஐயா, மாப்பிள்ளை வீட்டாரிட்டையும் தங்கமுத்துவிட்டையும் போய்ச் சொல்லும். சாரமில்லை, வேட்டி. பெடியனில்லை, நான்.