ரெண்டு ஏக்கருக்கு எத்தனை எச்.பி.?

"நிலம் கம்மியா இருக்கலாம் மச்சான், இஞ்சின் கம்மியா இருக்கக் கூடாது" என்றார் முன்சீட்டுக்காரர். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பஸ். புது டிராக்டர் வாங்க முன்பதிவு செய்ய மனைவியின் தம்பியைத் துணைக்கு அழைத்துப் போகிறார் என்று புரிந்தது.

"ரெண்டு ஏக்கருக்கு முப்பத்தஞ்சு எச்.பி.யே ஜாஸ்தி மாமா."

"பக்கத்து நிலத்துக்காரன் நாப்பத்தஞ்சு வச்சிருக்கான். நான் அம்பதுதான் எடுப்பேன்."

"அவருக்கு இருவது ஏக்கர் இருக்குதுங்க."

"இருந்துட்டுப் போவட்டும். வண்டி ரோட்டுல போனா நிலமா தெரியும்? வண்டிதான் தெரியும்."

மச்சான் விடவில்லை.

"நம்ம நிலத்துக்குப் போற வழி ரொம்பக் குறுகலாச்சே. அவ்ளோ பெரிய வண்டி உள்ள போவுமா மாமா?"

"போவாது. அளந்து பாத்துட்டேன்."

"அப்போ நம்ம நிலத்த எத வச்சி உழுவீங்க?"

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன்யா, வீட்டுல ரெண்டு மாடு சும்மாதான நிக்குது?"