ஒரு சாண் உசரம்

மாப்பிள்ள லட்சணமாத்தான் இருப்பாரு, நான் இல்லேங்கல. மோட்டார் சைக்கிள் வச்சிருக்காருன்னுதானே ஐயா பொண்ணக் குடுக்கப் பாக்குறீங்க? லாயாங் லாயாங்ல அவரு கணக்கெழுதுற கிராணியா இருக்குற அதே ரப்பர் தோட்டத்துலதான் நானும் இருக்கேன். ரயிலு போய்ச் சேர நேரமிருக்கு, அந்த வண்டிக் கதைய மொதல்ல கேளுங்க.

எங்க வெள்ளக்காரத் துரை மோட்டார் சைக்கிள்ல நெஞ்ச நிமித்திக்கிட்டுப் போவாரு. அதப் பாத்ததுல இருந்து இவருக்குத் தூக்கம் போச்சு. துரை பனமரம். நம்மாளு நின்னாலும் உக்காந்தாலும் ஒண்ணுதான். ஆனாலும் ஹேண்டிலு ஒரு சாண் உசரமா வேணும்னுட்டாரு. குளுவாங்ல இருந்து சின்னத்தம்பின்னு ஒரு மெக்கானிக்கு வந்து மாட்டுனாரு. மாட்டிட்டு, ஹேண்டிலு ஒரு சாண் ஏறுனா பிரேக்கு கம்பி, கிளச்சு கம்பி, முடுக்குற கம்பி எல்லாம் ஒரு சாணுக்கு மேலயே நீளணும், ரெண்டு பக்கமும் கடசி வரைக்கும் திருப்புனாலும் இழுக்கக் கூடாது, புதுசா அளந்து போடுறேன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். கிராணி என்ன சொன்னாரு தெரியுமா? ஹேண்டிலு ஊரு கண்ணுக்குத் தெரியும், கம்பிய எவன் பாக்கப் போறான், பழசே போதும்னாரு. அந்தாளு மாட்டேன்னு கெளம்பிட்டாரு. இவரே வெறப்பா இழுத்து மாட்டிக்கிட்டாரு.

மறுநா காலையில பேரு கூப்புடுற பெரட்டுக்குச் சனம் வரிசையா நிக்குது. நேர் ரோட்டுல ராசாதான், ரெண்டு கையும் கொடியில துணி காயப்போடுற மாதிரி மேல. ஆபீசுப் பக்கம் திருப்புனாரு, கம்பி இழுத்துக்கிச்சு. இவரு முடுக்காமலே வண்டி உறுமிக்கிட்டுப் பாயுது. மத்தவங்க விலகிட்டாங்க. பேச்சியம்மான்னு ரப்பர் மரத்துல பால் வெட்டுறவ, அவ கால்மேல ஏறி எலும்பு முறிஞ்சுபோச்சு. இவரு துரை வீட்டுப் பூச்செடிக்குள்ள கெடக்காரு.

சிரிக்கிறீங்க. எழுந்ததும் மொத வேலையா ஹேண்டிலு கோணிருச்சான்னுதான் தடவிப் பாத்தாரு. அப்புறம், அந்தப் பொம்பள வரிசைய விட்டுத் தள்ளி நின்னான்னு துரைகிட்டச் சொல்லி, அவளுக்கு அரை நாள் கூலிதான் போட்டாரு. அவ இன்னும் நொண்டுறா. அந்தக் கம்பிய இன்னும் மாத்தல. மாத்துனா தப்பு அவருதுன்னு ஆயிடுமில்ல. வளைவு வந்தா எறங்கித் தள்ளிக்கிட்டுப் போறாரு.

உங்க பொண்ணு சின்னப் பிள்ளையாமே. ம்.

நானா? சிகாமட்ல அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, போய் நல்லா இருந்துட்டு வான்னு அவரேதான் ரயிலேத்தி விட்டாரு. அம்மா தேறிட்டாங்க, முந்தியே திரும்பிட்டேன். எதுக்கு அனுப்புனாருன்னு இப்ப நீங்க சொல்லித்தான் தெரியுது. கிராணி வீட்டுல இத்தன வருசமா சோறாக்குறவ நான்தான் ஐயா. இந்தத் தாலி அவரு கட்டுனதுதான். உங்ககிட்ட நான் செத்துட்டேன்னு சொன்னாரா, இல்ல கல்யாணமே ஆகலன்னாரா?

மெதுவா எறங்குங்க. ஸ்டேசன் வந்துருச்சு. உங்களக் கூட்டிட்டுப் போக அவரே வந்து நிக்கிறாரு பாருங்க.