குப்புறப் படுத்த பத்து நாள்

விடியக்காலம் அஞ்சு மணி பத்து நிமிஷம். லாயாங் லாயாங் ஊர்ல இருந்து குளுவாங் டவுனுக்குப் போற பழைய ரோடு… ரெண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். விளக்குக் கம்பம் ஒண்ணு எரியும், அடுத்த மூணு எரியாது. முந்தின ராத்திரி நல்ல மழை. வேன் டயர் ஈர ரோட்டுல ஸ்ஸ்ஸ்னு ஓடுது. வேற சத்தமே இல்ல.

லோஷினி, அந்த டார்ச்சைக் கீழ வை, கண்ணுல அடிக்குது. வெள்ளம் எப்படியும் காலையிலதான் இறங்கும். இந்த ஸ்கூல் ஹால்லதான் இன்னிக்கு நமக்குப் படுக்கை. பாயைக் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கங்க… சத்தமா சொல்ல முடியாது, அந்தப் பக்கம் பிள்ளைங்க தூங்குது.

இந்தக் கதை நான் கட்டினது இல்ல. என் கூட ஃபேக்டரியில வேலை செய்யற கென்னத் இருக்கான்ல, அவனோட தாய்மாமாவுக்கு நடந்தது. பேரு அமலநாதன். அம்பத்தெட்டு வயசு. ஃபேக்டரி ஆளுங்களை வேன்ல ஏத்திட்டுப் போறதுதான் வேலை. முப்பது வருஷமா வண்டியில ஒரு கீறல் விழுந்ததில்லையாம். அதுல அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அந்த விடியக்காலத்துக்கு முந்தின வாரத்துல இருந்தே இடது கண்ணு சரியில்ல. கண்ணை மூடினா ஓரத்துல மின்னல் வெட்டுது. தொறந்தா கொசு பறக்கற மாதிரி கருப்புப் புள்ளி. அப்புறம் இடது ஓரத்துல இருந்து ஒரு திரை… யாரோ ஜன்னல் துணியை மெதுவா இழுக்கற மாதிரி. கிளினிக்ல பார்த்துட்டு டாக்டர் பொண்ணு சொல்லிருச்சு. "விழித்திரை கழண்டு வருது அங்கிள். இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க. வண்டியைத் தொடாதீங்க."

சம்சாரம் ஏஞ்சலா அன்னிக்கு ராத்திரியே கிளம்பலாம்னு பையெல்லாம் கட்டி வச்சிட்டாங்க. இவரு கேக்கல. "நாளைக்கு ஒரு நாள் ஓட்டிட்டு வந்துடறேன். பதினாலு பேரு ரோட்டுல நிப்பாங்க. திடீர்னு வேற ஆளுக்கு எங்க போறது."

அந்த ஒரு நாள்தான் நான் முதல்ல சொன்ன விடியக்காலம்.

ஆளுங்களை ஏத்தப் போற வழி, வண்டி காலி. ஒரு வளைவு திரும்பறாரு. இடது பக்கத்துல… டப். பெருசா ஒண்ணும் இல்ல. காலி டின்னைக் காலால தட்டின மாதிரி. பிரேக் போட்டாரு. ஆனா இறங்கல. கண்ணாடியில பார்த்தாரு. பின் விளக்கு வெளிச்சத்துல புல்லு சிவப்பா தெரிஞ்சுச்சு. அவ்வளவுதான். காட்டுப்பன்னி போலன்னு நினைச்சாரு. கியரைப் போட்டாரு. போயிட்டாரு.

பதினாலு பேரையும் கொண்டு போய் இறக்கிட்டாரு. பத்து மணிக்கெல்லாம் இடது கண்ணு முழுசா இருட்டிருச்சு. கென்னத் லீவு போட்டு ஓடி வந்து, ஜோகூர் பாரு ஆஸ்பத்திரியில சேர்த்தான். மறுநாள் காலையில ஆபரேஷன்.

இந்த ஆபரேஷன் எப்படின்னா… கழண்ட திரையை ஒட்ட வச்சு, கண்ணுக்குள்ள வாயுவை அடைப்பாங்களாம். குமிழி மேல மிதந்து திரையை அழுத்திப் பிடிச்சுக்கணும். அதுக்கு ஆளு குப்புறவே கிடக்கணும். பத்து நாளைக்கு. தின்னும்போதும் தலை குனிஞ்சுதான். தூங்கும்போதும் அப்படித்தான். "தலையைத் தூக்கிட்டா திரை மறுபடி கழண்டுக்கும். அப்புறம் எங்க கையில ஒண்ணும் இல்ல"ன்னு டாக்டர் கண்டிச்சு அனுப்பிட்டாரு.

வீட்டு ஹால்ல ஒரு ஒத்தைக் கட்டில். வெக்கைக்கு இடுப்புல கைலி மட்டும். நெத்தியைத் தாங்க நுனியில ஒரு தலகாணி. முகம் கட்டிலுக்கு வெளிய தொங்கும். இடது கண்ணுல பஞ்சு வச்சு ஒட்டியிருக்கு, வலது கண்ணுக்குத் தெரியறது நாலு தரை ஓடு மட்டும். வந்து போறவங்களை எல்லாம் காலை வச்சுத்தான் அடையாளம் கண்டாரு. ஃபாதர் வந்தா கருப்புக் காலுறை. பக்கத்து வீட்டுக்காரம்மா வந்தா சிவப்பு நகப்பூச்சு. கென்னத் வந்தா பெருவிரல் கிட்ட ஓட்டை விழுந்த சாக்ஸ். அதைச் சொல்லி இவரு சிரிப்பாராம்.

மூணாம் நாள். மத்தியானம் மூணு மணி இருக்கும். பின்னாடி துணி துவைக்கற மெஷின் கடகடன்னு ஓடிட்டு இருக்கு. ஏஞ்சலா அங்க இருக்காங்க. வெளிய கொளுத்துது வெயில்.

திடீர்னு ஒரு வாசம்… தேங்காய்ப்பாலும் பாண்டான் இலையும் சேர்ந்து வேகற வாசம். அதுக்கு அடியில ஈர மண்ணு.

நாலாவது ஓட்டு மேல ரெண்டு காலு.

பொம்பளைக் காலு. வயசான காலு. குதிகால் பாளம் பாளமா வெடிச்சிருக்கு. இடது காலுல நீல ரப்பர் சிலிப்பர். வலது காலுல ஒண்ணும் இல்ல… வெறும் காலு. கணுக்கால் வரைக்கும் ஈரம். புல்லு விதை ஒட்டியிருக்கு.

"யாருங்க?"ன்னு கேட்டாரு.

 காலு நகரல. மெஷின் நின்னுச்சு… மறுபடி பார்த்தா தரைதான்.

ஏஞ்சலாவைக் கூப்பிட்டுக் கேட்டாரு. "யாரும் வரலைங்க. கேட்டு பூட்டித்தான் இருக்கு." அப்புறம் குனிஞ்சு தரையைத் தொட்டுப் பார்த்துட்டு, "தண்ணி கொட்டிட்டீங்களா?"ன்னாங்க.

நாலாம் நாளும் அதே நேரம். ஒரு ஓடு கிட்ட வந்திருந்துச்சு. அஞ்சாம் நாள் இன்னும் ஒரு ஓடு. அந்தம்மா கட்டியிருந்த சேலை ஓரத்துல இருந்து தண்ணி சொட்டற சத்தம் கேக்குது. டொக்… டொக்… இவருக்குத் தலையைத் தூக்கினா முகத்தைப் பார்த்துடலாம். தூக்கினா கண்ணு போயிடும். தூக்கல. கண்ணை இறுக்கி மூடிட்டு ஜெபமாலை சொன்னாரு. நடுவுல நடுவுல மறந்து போச்சாம்.

அன்னிக்குச் சாயந்திரம் கென்னத்தைக் கூப்பிட்டாரு. "அந்தப் பழைய ரோட்டுல… நான் ஆஸ்பத்திரிக்குப் போன அன்னிக்கு ஏதாச்சும் நடந்துச்சான்னு விசாரிச்சுட்டு வா." ஏன்னு கேட்டான். சொல்லல.

ஆறாம் நாள் கென்னத் வந்து கட்டில் பக்கத்துல உக்காந்தான். வெள்ளையம்மான்னு ஒரு அம்மா. அறுபத்தஞ்சு வயசு. பள்ளிக்கூடக் கண்டீன்ல நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, ஆக்கறவங்க. தினமும் அஞ்சு மணிக்கு முச்சந்தி வரைக்கும் நடந்து வந்து, அங்க இருந்து யாராச்சும் ஏத்திட்டுப் போவாங்களாம். அன்னிக்கு ஏதோ வண்டி தட்டிட்டு நிக்காமப் போயிருச்சு. கால்வாயில கிடந்தாங்க. ஆறே முக்காலுக்கு மோட்டார் சைக்கிள்ல போன ஒருத்தன் பார்த்திருக்கான். அது வரைக்கும் உயிர் இருந்துச்சு. மத்தியானம் வரைக்கும் இருந்துச்சு. ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டு வந்திருந்தா பிழைச்சிருப்பாங்கன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்களாம்.

கென்னத் சொல்லி முடிச்சான். மாமாவோட முகத்துக்குக் கீழ ஓட்டுல தண்ணி சொட்டுது. இது அவரு கண்ணீரு.

"நான்தான்டா"ன்னாரு.

ஏஞ்சலா கையில இருந்த கண்ணு மருந்து அப்படியே நின்னுருச்சு.

"பன்னின்னு நினைச்சேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இல்ல. வண்டி நின்னப்ப ஜன்னல் பாதி தொறந்திருந்துச்சு. பின்னாடி ஒரு குரல் கேட்டுச்சு… 'தம்பி'ன்னு. ஒரே ஒரு தடவை. கேட்டுட்டுத்தான் கியரைப் போட்டேன்."

 மருந்தை ஊத்தி முடிச்சுட்டு ஏஞ்சலாதான் சொன்னாங்க. "இன்னும் நாலு நாள். கண்ணு நிக்கட்டும். அப்புறம் நானே உங்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்." இவரு சரின்னுட்டாரு. அந்தச் சரியை நினைச்சாத்தான் இப்பவும் உடம்பு கூசுதுன்னு கென்னத் கிட்ட சொல்லுவாராம். செத்தவங்களை இன்னொரு நாலு நாள் காக்க வச்சேன்டான்னு.

ஏழாம் நாள்.

மத்தியானம். ஏஞ்சலா மருந்து வாங்கப் போயிட்டாங்க. வீட்டுல இவரு மட்டும். மூணு மணி ஆச்சு… காலு வரல. மூணே கால் ஆச்சு. வரல. அப்பாடான்னு மூச்சு விட்டாரு.

அப்பத்தான் கட்டிலுக்கு அடியில ஏதோ உரசுச்சு. ஈரத் துணி தரையில இழுபடற சத்தம். சர்ர்… சர்ர்…

அவரு முகத்துக்கு நேர் கீழ, தலைமயிர் வந்துச்சு. நரைச்ச மயிர், சேறு ஒட்டினது. அப்புறம் நெத்தி. மல்லாக்கப் படுத்து, முதுகாலயே ஊர்ந்து ஊர்ந்து… முழு முகமும் வந்துருச்சு. இவரு மேல இருந்து குனிஞ்சு பார்க்கறாரு. அந்தம்மா கீழ இருந்து நிமிர்ந்து பார்க்கறாங்க. நடுவுல ஒரு முழம் கூட இல்ல.

கோவம் இல்லையாம் அந்த முகத்துல. அதைத்தான் அவரால தாங்க முடியல. வலி மட்டும்தான்.

"தம்பி… எந்திரிக்க முடியலப்பா. கொஞ்சம் தூக்கி விடு."

ஹால்ல வெளிச்சம் குறைஞ்சு போச்சு. எங்கேயோ தவளை கத்துது.  ஒண்ணும் செய்யாமக் கண்ணை மூடிட்டா… இன்னும் மூணே நாள். கண்ணு தப்பிச்சுடும்.

எந்திரிச்சுட்டாரு.

தலையைத் தூக்கி, காலைத் தரையில வச்சு, வேகமா இறங்கினாரு. ஏழு நாள் படுத்த உடம்பு. தலை சுத்தி விழுந்தாரு. மேஜைக் கால்ல மண்டை இடிச்சுது. விழுந்த இடத்துலயே மல்லாந்து கிடந்து, கையை நீட்டித் துழாவினாரு. கை கிடைச்சுது. சொரசொரன்னு, ஜில்லுன்னு, அடுப்படியில உழைச்ச கை. தூக்கத் தெம்பில்ல. அதனால பிடிச்சுக்கிட்டாரு. "நான் போகல அம்மா. இங்கதான் இருக்கேன்"னு திரும்பத் திரும்பச் சொன்னாராம்.

ஏஞ்சலா வந்து கதவைத் தொறக்கறப்ப மணி நாலே முக்கால். தரையில தனியாக் கிடந்தாரு. வலது கை மூடியே இருந்துச்சாம். விரலைப் பிரிக்க அவங்களுக்குக் கஷ்டமாயிருச்சு. உள்ள ஒண்ணும் இல்ல.

திரை கழண்டுருச்சு. ரெண்டாவது ஆபரேஷனும் செஞ்சு பார்த்தாங்க. ஒட்டல. இடது கண்ணு போச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கே நேரா போலீஸ் ஸ்டேஷன். எல்லாத்தையும் சொன்னாரு, அந்த 'தம்பி'யையும் சேர்த்து. கேஸ் இன்னும் நடக்குது. வக்கீல் அதையெல்லாம் சொல்லாதீங்கன்னு சொன்னாராம். இவரு கேக்கல.

ரெண்டு மாசம் கழிச்சு, கட்டெல்லாம் பிரிச்ச பிறகு, வெள்ளையம்மாவோட மக வீட்டுக்குப் போனாரு. அந்தப் பொண்ணு பேரு பிரேமலா. கென்னத்தான் காரு ஓட்டினான், பக்கத்துலயே நின்னான். அவன் காதால கேட்டது இது.

பிரேமலா கேட்டைத் தொறக்கல. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு, இவரு சொன்னது எல்லாத்தையும் கேட்டுச்சு. அழுவல. திட்டல. கடைசியா, "உங்களை நான் மன்னிக்க மாட்டேன்"னு சொல்லுச்சு.

"வேணாம்மா"ன்னாரு.

"ஆனா ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு உங்க கூட வேன்ல வந்தவரு யாரு?"

"நான் தனியாத்தான் போனேன்மா."

"இல்ல. அம்மா சாகறதுக்கு முன்னாடி தெளிவாச் சொன்னாங்க. வண்டி போயிருச்சாம். ஆனா ஒருத்தரு மட்டும் கால்வாயில இறங்கி வந்தாராம். விடியற வரைக்கும் அம்மா பக்கத்துலயே படுத்துக் கையைப் பிடிச்சுட்டு இருந்தாராம். அழுதுக்கிட்டே இருந்தாராம். அவருக்கு மட்டும் நான் கும்பிடு போடணும்."

 கென்னத்துதான் கேட்டிருக்கான், ஆளு எப்படி இருந்தாருன்னு சொன்னாங்களான்னு.

"சட்டை இல்லையாம். கைலி கட்டியிருந்தாராம்"னு சொல்லுச்சு அந்தப் பொண்ணு. "இடது கண்ணுல பஞ்சு வச்சு, மேல பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்துச்சாம்."