ஜெபத்துக்கு முன்னே திறந்த குழாய்

ஆகஸ்ட் ஒன்பது. காலை ஏழு மணி. முகாமில் ஆயிரத்து நூறு பேர். எங்கள் குழாயடியில் தண்ணீர் பிடிக்க வந்தது பத்தொன்பதே பேர்!

பொறியாளன் வேறெப்படித் தொடங்குவேன்? தலைமை ஏற்றிருக்கும் தகைசால் போதகர் ஐயா அவர்களே, எங்களைக் கடல் கடந்து அனுப்பிய சபை மூப்பர்களே, முன்வரிசையை முந்திப் பிடித்த தாய்மார்களே, இடமின்றி வாசலில் நிற்கும் இளைஞர்களே, வணக்கம்!

வெள்ளம் விழுங்கித் துப்பிய ஊர் அது. வீடுகள் போயின; வீதிகள் போயின; கிணறெல்லாம் சேறு. நாங்கள் சுத்திகரிப்பு இயந்திரத்தை இறக்கினோம். பளிங்குபோல் தண்ணீர்! குடிக்க ஆள் எங்கே? பள்ளத்து நீரையல்லவா மொண்டு போனார்கள்! எதிர்க் கூடாரத்துக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கில் கண்ணே குழிந்துவிட்டது.

முகாம் நர்ஸ் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, நான் குளுக்கோஸ் ஏத்தி அனுப்புறேன், அது போய் மறுபடி அந்தத் தண்ணியத்தான் குடிக்குது. இன்னொரு தடவ வந்தா புள்ள தாங்காது. உன் மிஷினு என்ன அழகு பாக்கவா?"

சுருக்கென்றது. மொழிபெயர்க்கும் அண்ணனை இழுத்துக்கொண்டு அந்தக் குழந்தையின் தாயிடம் போனேன். "ஏம்மா, எங்ககிட்ட தண்ணி பிடிக்கலாமே?"

"நீங்க குழாயச் சுத்தி நின்னு, கண்ண மூடிக் கும்பிட்டுத்தானே தொறக்குறீங்க? நாங்க வேற சாமி. கும்பிடாம வாங்குனா திருட்டு மாதிரி இருக்காதா?"

கேட்டீர்களா? விலையில்லாத் தண்ணீருக்கு நாமே விலைப்பலகை மாட்டியிருந்தோம்!

குழுத் தலைவரிடம் ஓடினேன். இதோ மேடையில் சிரிக்கிறாரே, அவர்தான். அன்று சிரிக்கவில்லை.

"அண்ணே, நாளைக்குக் குழாயடியில ஜெபம் வேண்டாம்."

"என்னடா பேசுற? ஜெபம் பண்ணாம ஒரு வேலையும் தொடங்குனதில்ல."

"பண்ணுங்க. கூடாரத்துக்குள்ள பண்ணுங்க."

"சபையில கேட்டா நான் என்ன சொல்ல?"

"புள்ள பொழச்சுதுன்னு சொல்லுங்க!"

பொறுங்கள் ஐயா, அதற்குள் கைதட்டுகிறீர்களே! இன்னும் தண்ணீரே திறக்கவில்லை.

மறுநாள் தலைவர் கண்ணை மூடவில்லை, குழாயைத் திறந்தார். முதல் குடத்தைத் தாமே தோளில் சுமந்து அந்தத் தாயின் வாசலில் இறக்கினார்.

"கும்பிட வேண்டாமா?"

"வேண்டாம்மா. முதல்ல புள்ளைக்குக் குடு."

அந்தத் தாய் கொடுத்தார். ஊரே பார்த்தது. வந்தார்கள்! குடத்தோடு வந்தார்கள், வாளியோடு வந்தார்கள், சோறாக்கும் சட்டியைத் தூக்கிக்கொண்டும் வந்தார்கள்! வரிசை வளைந்து நீண்டது; என் இயந்திரம் மூச்சு வாங்கியது. "இவ்வளவு மெதுவா விடுறியே, நீயெல்லாம் என்ன இன்ஜினியரு?" என்று ஒரு பெரியம்மா ஏசினார். வசவு வாங்கி வாயெல்லாம் பல்லாக நின்றது வாழ்வில் அன்றுதான்!

குழந்தை எழுந்தது, நடந்தது, என் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடவும் செய்தது!

குறைந்ததா நம் விசுவாசம்? குன்றியதா நம் ஜெபம்? தாகத்துக்குக் கொடு என்றவர், தாகத்திடம் தகுதி கேள் என்றாரா? உங்கள் காணிக்கைதான் அங்கே தண்ணீராய்ப் பாய்ந்தது. கொடுத்த கைகளுக்கெல்லாம் நன்றி! இனி நான் செய்யப்போவது:

1. திங்கட்கிழமை மறுபடி விமானம் ஏறுகிறேன்.
2. அந்தத் தாய்க்கு இயந்திரத்தை ஓட்டக் கற்றுக்கொடுப்பேன். வால்வு இனி அவர் கையில்.
3. அடுத்த முகாமிலும் தண்ணீர் முதலில், ஜெபக் கூட்டம் தள்ளி. மறுப்பவர்கள் இப்போதே கையைத் தூக்குங்கள். ஒருவரும் இல்லையா? அப்படியானால் புறப்படுகிறேன், வணக்கம்!