இருநூத்தி எண்பத்தஞ்சு கடலை

— இன்னொரு தடவை கோலிக்குண்டை எண்ணச் சொல்லு, அன்சு. நான் நம்பல.

— மூணு தடவை எண்ணியாச்சு, ஜோகாய். குழிப்பலகையில அடுக்கியே காட்டிட்டாங்க. எங்க நியிமாவுக்கு நூத்தி நாப்பத்து மூணு. உன் மருமகன் பிராமுக்கு நூத்தி நாப்பத்து ரெண்டு. ஒரே குண்டுல தோத்துட்டான். இந்தா, டீயைக் குடி.

— டீ கிடக்கட்டும்.

— அட, காம்பியா நாடு பொறந்ததுலேருந்து ஓட்டுப் போட இந்தக் குண்டைத்தானே நம்பறோம்?

— நீ நம்பு. நான் காலையிலேருந்து வாசல்ல காவல். உள்ள ஒருத்தன் தனக்குப் பிடிச்ச ஆளோட பீப்பாயில குண்டைப் போட்டா மணி அடிக்குதுல்ல, அப்பல்லாம் ஒரு கடலையை வலது பையிலேருந்து இடது பைக்கு மாத்தினேன்.

— செரர்காரன் பையில சாயங்காலம் வரைக்கும் கடலை தங்குமா? பாதி வயித்துல இருக்கும்.

— ஜோலாக்காரன் வாயில வேற என்ன வரும். நம்ம ரெண்டு கூட்டமும் கிண்டல் பண்ணிக்கலாம், கோபப்படக் கூடாதுன்னு பாட்டன்மார் வச்சுட்டுப் போயிட்டாங்க. பிழைச்சுப் போ.

— சரி, கொட்டு, எண்ணுவோம். நடுவுல ஒருத்தன் சைக்கிள் மணி அடிச்சானே, அதையும் சேர்த்தியா?

— மாத்தினேன். அவனை விரட்டிட்டுத் திருப்பி எடுத்துட்டேன். நான் என்ன மடையனா? எண்ணு.

— ...எண்பத்து மூணு, எண்பத்து நாலு, எண்பத்தஞ்சு. இருநூத்தி எண்பத்தஞ்சு. ரெண்டு பேரு குண்டையும் கூட்டினா அதேதான், மச்சான்.

— ஒருத்தன் போட்டது கூட காணாமப் போகல?

— போகல.

— ஒரு பீப்பாயிலேருந்து இன்னொண்ணுக்கு மாறியிருந்தா?

— காலையில சீல் வச்சப்பவும் நீதான் பக்கத்துல நின்னே, பிரிச்சப்பவும் நீதான். அடியில போட்ட மணலைக்கூட கிளறிப் பாத்தியே.

— ம். அந்த டீயைக் கொடு. சர்க்கரை பத்தல.

— என்ன ஆளுய்யா நீ. மருமகன் தோத்தது நிஜந்தான்னு தெரிஞ்சதும் சிரிக்கிறே. அங்க உன் மக தெனிங் அழுதுட்டிருக்கா. எங்க பக்கம் போட்டதுல ஒரே ஒருத்தர் மாத்திப் போட்டிருந்தா அவ புருஷன் இந்நேரம் கவுன்சிலர்.

— தெரியும். அந்த ஒருத்தரோட குண்டு கணக்குல சேர்ந்துச்சான்னு பாக்கத்தான் எண்ணச் சொன்னேன். அவகிட்ட நீ எதையும் உளறி வைக்காதே.

— எதை உளற? எனக்கு என்ன தெரியும்?

— நியிமா எப்படிப்பட்டவன்னு எனக்குத் தெரியாது, அன்சு. பிராம் ஏழு வருஷமா என் வீட்லதான் இருக்கான்.