இருபத்தோராம் நாள்

— மறுபடியும் கேக்கறேன், கோவிச்சுக்காதம்மா. கடைசியா நீ தலைக்கு ஊத்தின மாசம், ஆரம்பிச்சது அஞ்சாம் தேதிதானா?

— அஞ்சுதான் டாக்டர். ஃபாரத்துல அவர் எழுதிக் கொடுத்தாரே.

— அது அவர் எழுதினது. நான் உன்னைக் கேக்கறேன்.

— ரிப்போர்ட்டைக் கீழேயே வாங்கிக்கலாம்னு சொன்னாங்க. நீங்க லேபுக்கே கூப்பிட்டிருக்கீங்க. ஏதாவது கெட்டதா?

— பாரும்மா, முப்பது வருஷமா நான் ஆளையே பாக்கறதில்ல. கண்ணாடித் துண்டை மட்டும்தான் பாப்பேன். உன்னோடது உறுத்துச்சு, கூப்பிட்டேன். வா, இந்த மைக்ராஸ்கோப்புல கண்ணை வை. என்ன தெரியுது?

— வளையம் வளையமா இருக்கு. வெளிர் ரோஜா கலர்.

— உன் கர்ப்பப்பையோட உள்சுவர். போன வாரம் கிள்ளி எடுத்தாங்களே, அந்தத் துணுக்கு. முட்டை வெளிய வந்ததும் இந்தச் சுவர் சர்க்கரை சேர்க்கும். வரப்போற கருவுக்குச் சாப்பாடு. விலக்கு ஆரம்பிச்சதுலேர்ந்து எண்ணினா இருபத்தோராம் நாள் அந்த வளையத்துக்குள்ள ததும்பணும். சாயம் போட்டா நல்லா சிவந்து நிக்கும்.

— இதுல வெளிறிக் கெடக்கே.

— வத்திடுச்சு. சமைச்சு வச்சு, காத்திருந்து, பாத்திரத்தைக் கழுவிக் கவுத்தாச்சு. ஃபாரத்துல இருபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. சுவர் இருபத்துநாலுங்குது.

— அப்ப குறை என்கிட்டதான். எனக்குத் தெரியும் டாக்டர்.

— குறையே இல்லம்மா. இவ்வளவு சீரான சுவரை நான் எப்பவாவதுதான் பாக்கறேன். அதான் தேதியைத் திருப்பித் திருப்பிக் கேக்கறேன்.

— ரெண்டு.

— என்ன ரெண்டு?

— அஞ்சாம் தேதி இல்ல டாக்டர். ரெண்டாம் தேதி.

— ஏம்மா மாத்திச் சொன்னே?

— கல்யாணமான புதுசுல ஒரு மாசம், வந்ததை மூணு நாள் சொல்லல. தள்ளிப்போயிருக்குன்னு நினைச்சு, அந்த மூணு நாளும் அவர் தரையிலயே நடக்கல. குடத்தைத் தூக்க விடல. குளிக்கிறப்ப பாட்டு. என்னால வாயைத் திறக்க முடியல.

— அதுக்கப்புறமும் ஏன்?

— அடுத்த மாசம் நிஜத் தேதியைச் சொல்லியிருந்தா மூணு நாள் முந்தி வந்த மாதிரி ஆகும். ஆசையா எண்ணிட்டு இருக்கறவர்கிட்ட மூணு நாளைப் பிடுங்கற மாதிரி இருந்துச்சு. அப்படியே ஆறு வருஷம் ஓடிடுச்சு. இங்க வந்தப்பவும் அவர்தான் தேதி சொன்னார். பக்கத்துல உக்காந்துட்டு எப்படி இல்லன்னு சொல்றது? ஸ்கேன் எல்லாம் எடுக்கறாங்களே, மூணு நாள்ல என்ன ஆயிடும்னு நினைச்சேன்.

— ஸ்கேன்ல சுவரோட தடிமன் தெரியும். உள்ள சர்க்கரை இருக்கா, தீர்ந்துடுச்சான்னு தெரியாது. உனக்கு மாத்திரை எதுவும் கொடுக்காம, நாளை எண்ணித்தான், லேப்ல வளர்த்த கருவை ரெண்டு தடவையும் உள்ள வச்சிருக்காங்க.

— அப்ப ரெண்டு தடவையும்...

— ரெண்டு தடவையும் மூணு நாள் பிந்தித்தான் வச்சிருக்காங்கம்மா.

— ரெண்டு ரெண்டா நாலு கரு டாக்டர். இனி எடுக்க முட்டையும் இல்லன்னுட்டாங்க. நாலும் சாப்பாடு இல்லாத வீட்டுக்கு வந்து நின்னிருக்கு.

— அழு. அடக்காத. உன் வீட்டுக்காரர் எங்க?

— டீ வாங்கப் போயிருக்கார். அவர்கிட்ட எந்த முகத்தை வச்சுட்டுச் சொல்வேன்?

— சொல்ல வேண்டாம். கதவு திறந்துதான் இருக்கு, நான் வாசல்ல நின்னு கேட்டுட்டேன்.

— ஏங்க... எப்ப வந்தீங்க?

— இந்தா, டீயைக் குடி. ஆறிடும்.

— நாலையும் நானே தொலைச்சுட்டேங்க.

— நீ மட்டும் இல்ல.

— நீங்க என்ன பண்ணீங்க? நான் சொன்ன தேதியைத்தானே எழுதினீங்க?

— பொய்னு தெரிஞ்சுதான் எழுதினேன். முதல் மாசமே தெரியும். நான் பாடினா நீ சிரிச்சே, அதனால பாடினேன். நீ பேப்பர்ல சுத்திப் போடறதையும் சேத்து, வீட்டுக் குப்பையைத் தினம் நான்தானே கொண்டுபோய்க் கொட்டறேன்.