எதிர்ப்பக்கம் பார்க்கும் நாற்பது பூனைகள்

டீச்சர், அந்தச் சாய்ந்த துண்டை நான் எந்தப் பக்கம் வைத்து வெட்ட வேண்டும்?

பணி ஓய்வு வாழ்த்து மடலை இப்படித் தொடங்கக் கூடாதாம். ஆபீஸ் கிளார்க் சொன்னார். முதலில் விளிக்க வேண்டுமாம். அவர் எழுதிக் கொடுத்த விளி இது: வட்டத்தின் பொறுமையும் சதுரத்தின் நேர்மையும் ஒருங்கே வாய்த்தவரே, இருபத்தொன்பது ஆண்டுகள் கோணங்களைக் குழந்தைகளின் கையில் கொடுத்துக் கொஞ்ச வைத்தவரே, எங்கள் அன்புக்கும் அச்சத்துக்கும் ஒருசேர உரிய கணக்கு டீச்சர் அவர்களே! அச்சம் என்ற சொல் மட்டும் நான் சேர்த்தது. ஆசிரியர் அறையில் படித்துக் காட்டியபோது யாரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

பள்ளிப் பட்டறையில் பலகை அறுக்கிற என்னை எழுதச் சொன்னதற்குக் காரணம், கதவுக்குக் கதவு பெயர்ப்பலகை எழுதி என் கையெழுத்து தேறியிருப்பதுதான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மீதியை ஆணி சுற்றி வந்த தாள்களில் படித்தேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குணங்களைக் கோவையாக எழுதலாம் என்று ஒரு வாரமாக எல்லாரையும் கேட்டேன். குழப்பம்தான் மிச்சம். நீங்கள் மிகவும் கண்டிப்பானவர் என்றார் தலைமையாசிரியர். உங்கள் வகுப்பு சந்தைக்கடை என்றார் பக்கத்து வகுப்பு டீச்சர். மைதானத்தில் தான் போட்டிருந்த கோட்டை அழித்துவிட்டு நீங்கள் அறுகோணம் போட்டதை விளையாட்டு வாத்தியார் இன்னும் மறக்கவில்லை. ஆனால் இன்றைக்கு இத்தனை நாற்காலியும் தூக்கிப் போட்டவர் அவர்தான்.

கூட்டுகிற அக்கா மட்டும் ஒரு சம்பவம் சொன்னார். ஐந்து மூலை அட்டைகளை வைத்துத் தரை முழுக்க இடைவெளி இல்லாமல் நிரப்பச் சொல்லி நீங்கள் பிள்ளைகளை விட்டிருந்தீர்களாம். நாலு நாள் அந்த அறையில் துடைப்பம் படக் கூடாது என்று உத்தரவு. நாலாம் நாள் பொறுமை போய் அக்காவே சொல்லிவிட்டார்: "அஞ்சு மூலை ஒட்டாது டீச்சர். மூணு வச்சா சந்து விழுது, நாலாவது நுழைய மாட்டேங்குது. பாவம் புள்ளைங்க, விட்டுடுங்க." நீங்கள் உடனே பிள்ளைகளைக் கூப்பிட்டு, இனிமேல் இந்தக் கணக்குக்கு அக்காதான் டீச்சர் என்றீர்களாம். தன்னைப் பாராட்டினீர்களா, கிண்டல் செய்தீர்களா என்று அக்காவுக்கு இன்றுவரை தெரியவில்லை. எனக்கும் உங்களிடம் அதே நிலைதான். இனி வருவதை ஆசிரியர் அறையில் நான் படித்துக் காட்டவில்லை.

பதினோரு வருடத்துக்கு முன்னால் நான் இந்த ஊருக்கு வந்து நாலே மாதம். தற்காலிக வேலை. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி போனில் கேட்பாள், என்ன வேலை என்று. முக்கோணம் வெட்டுகிறேன் என்பேன். "அது திங்கிறதா அண்ணே, உக்கார்றதா?" என்பாள்.

நீங்கள் கேட்டது நாற்பது பெட்டி. பெட்டிக்கு ஏழு துண்டு: முக்கோணம் ஐந்து, சதுரம் ஒன்று, சாய்ந்த நாற்கரம் ஒன்று. ஒரு பக்கம் நீலம் அடித்த பலகை, மறுபக்கம் வெறும் மரம். நீலப் பக்கம் மேலே தெரிய, அட்டையில் இருக்கிற உருவங்களைப் பிள்ளைகள் அடுக்க வேண்டும். முக்கோணத்துக்கும் சதுரத்துக்கும், பலகையில் வைத்துக் கோடு போடுகிற அச்சை எப்படிக் கவிழ்த்து வைத்தாலும் ஒரே துண்டுதான் வரும். அந்தப் பழக்கத்தில் சாய்ந்த துண்டுக்கும் அச்சைக் கவிழ்த்து வைத்து வெட்டிவிட்டேன். நாற்பதையும்.

மூன்றாம் நாள் ஒரு பெட்டியோடும் பூனை அட்டையோடும் பட்டறைக்கு வந்தீர்கள். அட்டையில் பூனை இடது பக்கம் பார்க்கிறது. "நீலத்த மேல வச்சா நம்ம பூனை வலது பக்கம்தான் பாக்குது. நாப்பது பெட்டியிலயும் அப்படித்தான். இத நீங்களா யோசிச்சுப் பண்ணீங்களா?" என்று கேட்டீர்கள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. வேலை போய்விடும் என்று நினைத்தேன். ஆமா டீச்சர் என்றேன்.

நீங்கள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வகுப்புக்குக் கூட்டிப் போனீர்கள். "எங்க பூனை கோவிச்சுக்கிட்டுத் திரும்பிருச்சு டீச்சர்" என்றாள் ஒரு பெண். இன்னொருத்தி அட்டையைக் கைக்கண்ணாடியில் காட்டினாள். கண்ணாடிக்குள் இருந்தது அவர்கள் அடுக்கிய பூனை. பிறகு காகிதத்தில் ஒவ்வொரு துண்டாக வரைந்து வெட்டி மடித்துப் பார்த்தார்கள். முக்கோணம் சரிபாதியாக மடிந்தது, சதுரம் மடிந்தது. சாய்ந்தது மட்டும் எப்படி மடித்தாலும் விளிம்பு சேரவில்லை. ஏன் என்று ஒருவரை ஒருவர் கேட்டுச் சண்டை போட்டார்கள். நீங்கள் வாயைத் திறக்கவே இல்லை.

அன்றிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம், இது எங்கள் பட்டறையின் மூளை என்று சொன்னீர்கள். அந்த வருடக் கடைசியில் தலைமையாசிரியர் என்னை நிரந்தரமாக்கினார். பூனையின் முதுகில் ஏறி நான் வேலைக்கு வந்தேன். டீச்சர், நான் யோசித்துச் செய்யவில்லை. அது கைத்தவறு. நான் சொன்னது பொய். தலைமையாசிரியர் இதே மேடையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் என்ன முடிவு எடுத்தாலும் சரி.

ஆனால் போன வாரம் உங்கள் அலமாரியை ஒழித்தபோது ஒரு பெட்டி கிடைத்தது. அதில் சாய்ந்த துண்டின் வெறும் பக்கத்தில் நீங்களே நீலம் அடித்திருக்கிறீர்கள். மூடிக்குள் தேதி, பெட்டிகள் வந்த முதல் நாள். முதல் நாளே தப்பு தெரிந்திருக்கிறது என்றால், மூன்றாம் நாள் வந்து என்னை ஏன் அப்படிக் கேட்டீர்கள்? எத்தனை யோசித்தும் பிடிபடவில்லை.

இப்போது உங்கள் இடத்துக்கு வரும் புது டீச்சர் முப்பது பெட்டி கேட்கிறார், அட்டைப்படி அச்சாக இருக்க வேண்டும் என்கிறார். ஆறு ஆறு துண்டு வெட்டி வைத்துவிட்டேன். ஏழாவதில் கை ஓடவில்லை. சரியாக வெட்டினால் அந்தக் கண்ணாடி வகுப்பு இனிமேல் நடக்காது. தப்பாக வெட்டினால், தெரிந்தே தப்பு. அதனால்தான் முதல் வரியிலேயே கேட்டேன்.

முட்டி வலி இல்லாமல் தரையில் உட்கார்ந்து எழுந்து, கண்ணும் கையும் தெளிவாக, நூறு ஆண்டு நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டுத் தரையில் பதித்த ஓடுகள் எல்லாம் சந்து விழாமல் சேர்ந்திருக்கட்டும். பொழுது போக ஒன்று மட்டும் சேராமல் இருக்கட்டும்.

உங்களோடு இங்கே வேலை பார்த்த அத்தனை பேருக்காகவும்,
பட்டறை

மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போடும் முன் அடியில் சேர்த்தது:

நான் மேடையில் இதைப் படித்து முடித்தேன். உங்கள் ஏற்புரையில் நீங்கள் இதைத் தொடவில்லை. கூட்டம் கலைந்த பிறகு தலைமையாசிரியரோடு பட்டறைக்கு வந்தீர்கள்.

"அன்னிக்கு நீங்க ஆமான்னு சொல்றப்ப ரெண்டு காதும் செவந்துபோச்சு. வந்து நாலு மாசம் ஆன மனுஷன்கிட்ட தப்பு பண்ணிட்டீங்களான்னு எப்படிக் கேக்குறது?" என்றீர்கள்.

"எனக்கும் அப்பவே தெரியும் பட்டறை" என்றார் தலைமையாசிரியர். "நாப்பதையும் நூல் பிசகாம ஒரே மாதிரி தப்பா வெட்டியிருந்தீங்களே, அந்தக் கைக்குத்தான் வேலை குடுத்தேன்."

நான் வெட்டி வைத்த துண்டுகளை எடுத்துக் காட்டினேன். முப்பது பெட்டிக்கு என்ன செய்வது என்று மட்டும் கேட்டேன்.

"பதினஞ்ச அப்படி வெட்டுங்க, பதினஞ்ச இப்படி வெட்டுங்க. எது எதுன்னு பெட்டி மேல எழுதிராதீங்க" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினீர்கள்.

மறுநாள் காலை முப்பது சாய்ந்த துண்டையும் வெட்டி, பெட்டிகளைக் கலந்து அடுக்கினேன். ஒன்பது மணிக்குப் புது டீச்சர் வந்து, இதில் எது சரியான பெட்டி என்று கேட்டார். தெரியாது என்றேன்.